அவரைப் பந்தலும் 225 டாலரும்

நான் வக்கீல் இல்லை. டல்லாஸுக்கு வடக்கே, ஒரே அச்சில் வார்த்த மாதிரி செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும் ஊர்களில் ஒன்றில் குடியிருந்துகொண்டு, பகலெல்லாம் கணினியைக் கட்டி அழுகிற ஆள். எச்ஓஏ போட்ட ஃபைனை எதிர்த்து ஒரு கோடையும் பாதி இலையுதிர் காலமும் மல்லுக்கட்டியிருக்கிறேன். நண்பர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அதே கதையைக் கேட்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்ஓஏ என்பது நம்மூர் அபார்ட்மென்ட் அசோசியேஷன் மாதிரிதான், ஆனால் இங்கே தனி வீட்டுக்கும் உண்டு. வீட்டுப் பத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும், வீட்டை விற்றால்தான் விடும். வேலிக்கு என்ன சாயம், புல் எத்தனை அங்குலம், குப்பைத் தொட்டி எப்போது வெளியே நிற்கலாம், எல்லாம் அவர்கள் வைத்ததுதான் சட்டம். பேருக்குத் தெருக்காரர்கள் சிலர் சேர்ந்த போர்டு ஒன்று இருக்கும். காரில் சுற்றிப் படம் எடுப்பதும் கடிதம் அனுப்புவதும் அவர்கள் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் மேனேஜ்மென்ட் கம்பெனி.

சரி, கதைக்கு வருகிறேன். அம்மா தாராபுரம் பக்கத்திலிருந்து ஏப்ரல் 10-ஆம் தேதி வந்தார். ஆறு மாத விசா. வந்த மூன்றாம் நாளே பொடக்காளியில் (எங்கள் பக்கத்தில் கொல்லைப்புறத்துக்கு அதுதான் பேர்) நின்று மண்ணைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, "இத்தன எடத்த வெச்சுக்கிட்டு வெறும் பில்லையாடா வளத்துற?" என்றார். மே கடைசியில் கோயிலில் பழக்கமான ஒருவர் கொடுத்த அவரை விதையை ஊன்றினார். கொடி ஓட ஆரம்பித்ததும் பந்தல் கேட்டார். நான் ஹோம் டிப்போவில் பிவிசி பைப்பும் கம்பியும் வாங்கி வந்து, அவர் நின்று சொல்லச் சொல்லக் கட்டினேன். உயரம் 8 அடி. எங்கள் வேலி 6 அடி. வேலிக்குப் பின்னால் நடைபாதை. அதாவது 2 அடிப் பந்தல் தினமும் நடக்கப் போகிற எல்லோருக்கும் தரிசனம்.

கட்டும் முன்னால், வீட்டில் செய்யும் மாற்றங்களுக்கு அனுமதி தரும் ஏஆர்சி என்கிற எச்ஓஏ கமிட்டிக்கு ஒரு ஃபாரம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. தெரியாமல் இல்லை, சோம்பல். அம்மாவிடம் ஒப்புக்குச் சொல்லிப் பார்த்தேன். "நம்ம பொடக்காளில பந்தல் போட எவங்கிட்டப் போயி கேக்கோணும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

ஜூன் கடைசியில் ஒரு ஈமெயில் வந்தது. "அன்பான நினைவூட்டல்" வகை. அனுமதி பெறாத கட்டுமானம், அகற்றவும். நான் கண்டுகொள்ளவில்லை. ஜூலை 22-ஆம் தேதி எச்ஓஏ போர்ட்டலில் சந்தா கட்டப் போனால் என் கணக்கில் 75 டாலர் ஃபைன் ஏறியிருந்தது. ஆகஸ்ட் 5-ல் இன்னொரு 150. மொத்தம் 225.

அன்றைக்கு ராத்திரி நான் செய்ததுதான் பெரிய தப்பு. இரண்டு பக்கத்துக்கு ஈமெயில் எழுதினேன். எங்கள் பண்பாட்டில் பந்தல் என்றால் என்ன, அம்மாவுக்கு வயது என்ன, மூன்றாம் வீட்டு டிராம்பொலின் எவ்வளவு உயரம், எதிர்வீட்டுக் கொடிக்கம்பத்துக்கு யார் அனுமதி கொடுத்தது என்று ஒன்றையும் விடவில்லை. இரண்டு வரியில் பதில் வந்தது, உங்கள் கருத்து உரியவர்களுக்கு அனுப்பப்பட்டது என்று. இப்போது எடுத்துப் படித்தால் அந்த இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் மாதிரி இருக்கிறது. எந்தத் தேதியில் கட்டினேன், எத்தனை அடி, யாரிடமும் கேட்கவில்லை என்பதையெல்லாம் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் சனிக்கிழமை கிரிக்கெட் கும்பலில் ஒரு தெலுங்குக்காரர் உண்டு. முன்பு தன் வீட்டுப் பக்க எச்ஓஏ போர்டில் இரண்டு வருஷம் இருந்தவர். டிரிங்க்ஸ் இடைவேளையில் நான் பொருமுவதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி, "கவர் எங்கே?"

எந்தக் கவர்?

"பச்சை ஸ்டிக்கர் ஒட்டின கவர். சர்டிஃபைட் மெயில்."

நம்மூர் ரிஜிஸ்டர் தபால் மாதிரி, அனுப்பியதற்கு ரசீது இருக்கும். அப்படி ஒன்று வரவே இல்லை. அவர் சிரித்தார். பந்தலைப் பற்றி இனிமேல் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதே, கவரைப் பற்றி மட்டும் பேசு என்றார். அன்றைக்கு எனக்கு அது குறுக்குவழியாகப் பட்டது. சட்டத்தை உட்கார்ந்து படித்த பிறகுதான் நேர்வழியே அதுதான் என்று புரிந்தது.

டெக்சஸில் எச்ஓஏக்களைக் கண்காணிக்க அரசு அலுவலகம் எதுவும் கிடையாது. மனுக் கொடுக்கக் கலெக்டர் ஆபீஸ் மாதிரி ஓர் இடம் இல்லை. இருப்பது சொத்துச் சட்டத் தொகுப்பின் 209-ஆம் அத்தியாயம். அது வந்த கதையே பெரிய கதை. 2001-ல் ஹூஸ்டனில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு விதவை சுமார் 800 டாலர் சந்தா பாக்கி வைத்தார் என்று எச்ஓஏ அவர் வீட்டை ஏலத்தில் விட்டது. ஒன்றரை லட்சம் டாலர் மதிப்புள்ள வீடு 5,000 டாலருக்குப் போனது. மாநிலமே கொதித்தது, அந்த வருஷமே சட்டமும் நிறைவேறியது. அதோடு நின்றதா என்றால் இல்லை. எங்கள் பக்கத்து ஃபிரிஸ்கோவில் 2008-ல், ஈராக்கில் பணியில் இருந்த ராணுவ கேப்டன் ஒருவரின் 3 லட்சம் டாலர் வீடு, ஆயிரத்தை எட்டாத சந்தா பாக்கிக்காக 3,500 டாலருக்கு ஏலம் போனது. வழக்குப் போட்டுத்தான் மீட்டார்கள். 2011-லும் 2021-லும் சட்டத்தை மேலும் இறுக்கினார்கள்.

அந்த அத்தியாயத்தில் நமக்கு வேண்டியது 209.006-ஆம் பிரிவு. ஃபைன் போடும் முன்னால் எச்ஓஏ சர்டிஃபைட் மெயிலில் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதில் என்ன மீறல் என்று இருக்க வேண்டும். சரிசெய்யக் கூடிய மீறலாக இருந்தால், இந்தத் தேதிக்குள் சரிசெய் என்று ஒரு திட்டவட்டமான தேதி இருக்க வேண்டும், அது நியாயமான அவகாசமாகவும் இருக்க வேண்டும். 30 நாளுக்குள் போர்டு முன்னால் விசாரணை கேட்கும் உரிமை உனக்கு உண்டு என்பதும் இருக்க வேண்டும். அந்தத் தேதிக்குள் சரிசெய்துவிட்டால் ஃபைனே போட முடியாது. எது சரிசெய்ய முடிந்தது, எது முடியாதது என்பதற்குச் சட்டமே உதாரணம் கொடுக்கிறது. பட்டாசு வெடித்தால் வெடித்ததுதான், திரும்ப வாங்க முடியாது. ஆனால் வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்துவது, நாய் விடாமல் குரைப்பது எல்லாம் சரிசெய்யக் கூடியவை. (தீபாவளிக்கு டிரைவ்வேயில் வெடி வைப்பவர்கள் கவனிக்கவும்.) ஒரு விதிவிலக்கு உண்டு. இதே மீறலுக்குக் கடந்த 6 மாதத்துக்குள் முறையாக ஒரு நோட்டீஸ் கொடுத்திருந்தால் மறுபடி கொடுக்க வேண்டியதில்லை.

எனக்கு வந்தது ஓர் ஈமெயில். தேதி இல்லை, விசாரணை பற்றிப் பேச்சில்லை, பச்சை ஸ்டிக்கரும் இல்லை.

ஆகஸ்ட் 12-ஆம் தேதி கடிதம் எழுதினேன். இந்த முறை அரைப் பக்கம். பந்தல் என்ற சொல்லே அதில் இல்லை. இன்ன தேதி, இன்ன தொகை என்று இரண்டு ஃபைன்களையும் குறித்து, 209.006-ன்படி அனுப்பிய நோட்டீஸின் நகலும் சர்டிஃபைட் மெயில் ரசீதும் கேட்டேன். 209.005-ன்படி ஜூன் முதல் நடந்த போர்டு கூட்டங்களின் குறிப்புகளும் ஃபைன் கொள்கையும் கேட்டேன். இந்தப் பதிவேடுகளைக் கேட்பதும் சர்டிஃபைட் மெயிலில்தான் போக வேண்டும், ஈமெயிலில் கேட்டால் செல்லாது. அக்னாலெட்ஜ்மென்ட் அட்டையோடு பத்து டாலர் போல ஆகும். எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். எச்ஓஏ கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பதிவு செய்யும் மேனேஜ்மென்ட் சர்டிஃபிகேட்டில் உள்ள முகவரிக்குத்தான் அனுப்ப வேண்டும். இப்போது டெக்சஸ் ரியல் எஸ்டேட் கமிஷன் நடத்தும் இணையதளத்திலேயே அதைத் தேடி எடுத்துவிடலாம்.

கூட்டக் குறிப்பு எதற்கு என்றால், ஃபைன் பற்றி விவாதிப்பதும் ஓட்டெடுப்பதும் உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே அறிவித்த திறந்த கூட்டத்தில்தான் நடக்க வேண்டும். வழக்கமான கூட்டத்துக்கு 144 மணி நேரம் முன்னால் அறிவிக்க வேண்டும். ஃபைன் கொள்கையும் அப்படித்தான், எந்த மீறலுக்கு எவ்வளவு என்ற பட்டியலோடு எழுத்தில் இருக்க வேண்டும், அதை உறுப்பினர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று 2024 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது. வெப்சைட்டில் போட்டாலும் போதும்.

பதிவேடுகளுக்கு 10 வேலை நாள் கெடு. சரியாகப் பத்தாவது நாள் வந்தது. ஜூலை, ஆகஸ்ட் கூட்டக் குறிப்புகளைத் தலைகீழாகப் புரட்டினேன். நீச்சல் குளத்துக்குப் புது நாற்காலி வாங்குவது பற்றி அரைப் பக்கம் இருக்கிறது, என் ஃபைன் பற்றி ஒரு வரி இல்லை. அதாவது போர்டு ஓட்டே எடுக்கவில்லை. மேனேஜ்மென்ட் கம்பெனியின் மென்பொருள் ஒரு புகார் டிக்கெட்டைத் திறந்து, நாள் தாண்டியதும் தானாகவே 75, அப்புறம் 150 என்று ஏற்றியிருக்கிறது. நானும் இந்த மாதிரி மென்பொருள் எழுதித்தான் பிழைக்கிறேன் என்பதால் ஆச்சரியப்படவில்லை.

இதற்கிடையே ஆகஸ்ட் 23 தேதியிட்டு ஒரு கவர் வந்தது. பச்சை ஸ்டிக்கரோடு. பழைய ஃபைன்களைப் பற்றி மூச்சு விடாமல், முதல் முறையாகச் சொல்வது போலப் புது நோட்டீஸ். அனுமதி பெறாத கட்டுமானத்தை செப்டம்பர் 20-க்குள் அகற்றவும், விசாரணை வேண்டுமானால் 30 நாளுக்குள் கேட்கவும். எல்லாம் இலக்கணப்படி.

இங்கே அவரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆடியில் பந்தல் முழுக்கப் பச்சையாக மூடிவிட்டது, ஆனால் ஒரு பூ இல்லை. நம்மூர் அவரைக்குப் பகல் பொழுது சுருங்கினால்தான் பூக்கும் புத்தி வரும். டெக்சஸில் செப்டம்பர் கடைசிக்கு முன்னால் எதிர்பார்க்கவே முடியாது, காய் கைக்கு வர அக்டோபர் ஆகும். செப்டம்பர் 20-ல் பந்தலைப் பிரிக்கச் சொல்வது, பிள்ளைத்தாய்ச்சியை எட்டாம் மாதத்தில் வீட்டை விட்டுப் போகச் சொல்வது மாதிரி. இது நான் சொன்னது இல்லை, அம்மா சொன்னது. அந்த வாக்கியத்தை எச்ஓஏவுக்கு எழுதக் கை துறுதுறுத்தது. தெலுங்குக்காரரை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பதிலாக நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டேன். விசாரணை கேட்க 30 நாள் உண்டு, அது நோட்டீஸ் தபாலில் சேர்த்த நாளிலிருந்து ஓடும், கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை. அப்படிப் பார்த்தால் செப்டம்பர் 22 வரை. நான் 16-ஆம் தேதி அனுப்பினேன், அவர்கள் கைக்கு 19-ல் போய்ச் சேர்ந்தது. கோரிக்கை கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் விசாரணை வைக்க வேண்டும், 10 நாள் முன்னால் தேதியும் இடமும் சொல்ல வேண்டும். அக்டோபர் 15 என்று சொன்னார்கள். 2021-ல் வந்த திருத்தத்தில் இன்னொரு நல்ல விஷயம் இருக்கிறது. விசாரணையில் அவர்கள் காட்டப்போகும் படம், கடிதம் எல்லாவற்றையும் கட்டாகச் சேர்த்து அதே 10 நாள் முன்னால் நமக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் விசாரணையை 15 நாள் தள்ளிவைக்கக் கேட்கலாம், அவர்கள் மறுக்க முடியாது. எனக்கு அந்தக் கட்டு 11-ஆம் தேதி சாயங்காலம்தான் வந்தது. உடனே கேட்டேன். அக்டோபர் 30-க்குத் தள்ளினார்கள்.

இதை ஏமாற்று வேலை என்று என் மனைவி சொன்னாள். இருக்கலாம். ஆனால் அந்த நாட்களை எண்ணி வைத்தது நான் இல்லை, சட்டமன்றம். செப்டம்பர் 20 தாண்டியும் பந்தல் நின்றதால் ஆபத்தும் இல்லாமல் இல்லை. விசாரணையில் தோற்றால் கொள்கைப்படி 75 டாலர் கட்டியாக வேண்டும். ஒரு போக அவரைக்காய்க்கு 75 டாலர், இங்குள்ள இந்திய மளிகைக் கடையான பட்டேல் பிரதர்ஸ் விலையோடு ஒப்பிட்டால் அவ்வளவு மோசமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வக்கீல் செலவைப் பற்றியும் பயப்பட வேண்டியிருக்கவில்லை. விசாரணை கேட்டிருந்தால் அது முடியும் வரை எச்ஓஏ தன் வக்கீலுக்குக் கொடுப்பதை நம் தலையில் கட்ட முடியாது, அது 209.008.

அம்மா அக்டோபர் 7-ல் கிளம்பினார். வெள்ளையும் ஊதாவுமாகப் பந்தல் நிறையப் பூ. பூவைப் பார்த்துவிட்டுப் போனார், காயைப் பார்க்கவில்லை.

விசாரணை கிளப் ஹவுஸில் நடந்தது. போர்டு ஆட்கள் மூன்று பேர், கம்பெனிப் பெண்மணி ஒருவர், நான். ஒலிப்பதிவு செய்ய இரு தரப்புக்கும் உரிமை உண்டு, ஆகவே போனை மேஜை மேல் வைத்து, பதிவு செய்கிறேன் என்று சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தில் அறையில் மரியாதை இரண்டு மடங்கு ஆனது. முதலில் பேச வேண்டியது அவர்கள் தரப்பு, சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நம்மை முதலில் பேச விட்டு நம் வாயிலிருந்தே பிடுங்கும் வேலை நடக்காது. கம்பெனிப் பெண்மணி நடைபாதையிலிருந்து எடுத்த ஒரு படத்தைக் காட்டினார். நன்றாகவே வந்திருந்தது, அம்மாவுக்கு அனுப்பலாம் போல.

என் முறை வந்ததும் மூன்று விஷயம் மட்டும் சொன்னேன். ஜூலை, ஆகஸ்ட் ஃபைன்களுக்கு 209.006 நோட்டீஸ் இல்லை. அவற்றுக்குத் திறந்த கூட்டத்தில் ஓட்டு இல்லை, இதோ உங்கள் குறிப்புகள். ஆகஸ்ட் நோட்டீஸ் சரியானது, நான் ஃபாரம் போடாமல் கட்டியது தப்பு, நவம்பர் 30-க்குள் பிரித்துவிடுகிறேன், அடுத்த வருஷத்துக்கு முறையாக விண்ணப்பிக்கிறேன். மொத்தம் நாலு நிமிஷம். போர்டு தலைவர் கம்பெனிப் பெண்மணி பக்கம் திரும்பி, ஃபைனுக்கு நாங்கள் ஓட்டெடுக்க வேண்டுமா என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்குக் கோபமே போய்விட்டது. பாவம், அவரும் வேலை முடிந்து வந்து சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கும் மனுஷன்.

225-ம் ரத்து, ஆகஸ்ட் நோட்டீஸுக்கு ஃபைன் இல்லை, நவம்பர் 30 கெடு என்று ஒரு வாரத்தில் கடிதம் வந்தது.

கோர்ட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்களுக்கு. இந்த அத்தியாயத்தை எச்ஓஏ மீறினால் உங்கள் பகுதி ஜஸ்டிஸ் கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் இல்லாமலும் போகலாம், 20,000 டாலர் வரை அங்கே விசாரிப்பார்கள். ஆனால் எதைச் சொல்லிப் போகிறோம் என்பது முக்கியம். பந்தல் அழகானது, உயரம் ஒன்றும் அதிகமில்லை என்று வாதாடினால் ஆரம்பமே சறுக்கல். எச்ஓஏ தன் விருப்புரிமையில் எடுத்த முடிவு நியாயமானது என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். அது தான்தோன்றித்தனமானது அல்லது பாரபட்சமானது என்று நிரூபிக்க வேண்டியது நாம்தான், அது 202.004. அதே பிரிவில், விதி மீறலுக்கு நாளுக்கு 200 டாலர் வரை இழப்பீடு விதிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரமும் இருக்கிறது. மூன்றாம் வீட்டு டிராம்பொலினை நம்பி யாரும் இறங்காதீர்கள்.

விதியே செல்லாது என்று சட்டம் சொல்லும் இடங்களும் உண்டு, அங்கே தைரியமாக நிற்கலாம். சோலார் பேனல், மழைநீர்த் தொட்டி, மக்கும் குப்பைக் குழி, தண்ணீர் குறைவாகக் கேட்கும் செடிகள், இவற்றை அடியோடு தடுக்க முடியாது. தண்ணீர்க் கட்டுப்பாடு இருக்கும்போது புல் பழுத்துவிட்டது என்று ஃபைன் போடக் கூடாது என்று 2025-ல் ஒரு சட்டம் வந்தது. நம் ஆட்களுக்கு முக்கியமானது மதச் சின்னம் பற்றிய 202.018. முன்பு வாசல் கதவில் மட்டும், அதுவும் 25 சதுர அங்குலத்துக்குள் என்று இருந்தது. இரண்டு மாவிலைக்கே அது சரியாகப் போய்விடும். 2021-ல் அந்த அளவை எடுத்துவிட்டு, வீட்டிலும் சொந்த மனையிலும் வைக்கலாம் என்று விரித்தார்கள். ஆபத்து விளைவிக்கக் கூடாது, பொது இடத்தில் வைக்கக் கூடாது என்று சில நிபந்தனைகள் மட்டும். இரண்டு தெரு தள்ளி ஒரு குடும்பத்துக்கு நிலைப்படித் தோரணத்தை அகற்றச் சொல்லிக் கடிதம் வந்தபோது, பிரிவு எண்ணை மட்டும் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதச் சொன்னேன். அதோடு நின்றது. இந்தச் சண்டையை நமக்கு முன்னாலேயே யூதர்கள் போட்டிருக்கிறார்கள். கதவு நிலையில் அவர்கள் வைக்கும் மெசூசாவைச் சிகாகோவில் ஒரு குடியிருப்புச் சங்கம் பிடுங்கிப்போட, அது மேல்முறையீட்டுக் கோர்ட் வரை போய் 2009-ல் அந்தக் குடும்பத்துக்கு வழக்கைத் தொடர வழி கிடைத்தது.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். கோபத்தில் சந்தாவை நிறுத்துவது. ஃபைனுக்காக மட்டும் டெக்சஸில் வீட்டை ஏலம் விட முடியாது, ஆனால் சந்தா பாக்கிக்கு விட முடியும். ஹூஸ்டன், ஃபிரிஸ்கோ இரண்டும் சந்தாவில் வந்த வினைதான். நாம் கட்டும் பணத்தை முதலில் சந்தாவுக்கும் பிறகுதான் ஃபைனுக்கும் வரவு வைக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது, ஆகவே சந்தாவைக் கட்டிவிட்டு ஃபைனோடு சண்டை போடுங்கள். சச்சரவில் இருக்கும் பாக்கியைக் கிரெடிட் நிறுவனங்களுக்குச் சொல்லவும் அவர்களுக்கு அனுமதி இல்லை.

காண்டோ என்கிற அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு 209 பொருந்தாது, அவர்களுக்கு 82-ஆம் அத்தியாயம். கலிபோர்னியாவில் இருக்கும் என் மச்சானுக்கு இதெல்லாம் வேறு மாதிரி. அங்கே 2025 நடுவிலிருந்து உடல்நலம், பாதுகாப்பு சம்பந்தப்படாத மீறலுக்கு 100 டாலருக்கு மேல் போட முடியாது. புளோரிடாவில் ஃபைன் செல்ல வேண்டுமானால் போர்டுக்குச் சம்பந்தமில்லாத குறைந்தது மூன்று பேர் கமிட்டி ஒப்புக்கொள்ள வேண்டும், 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். எந்த மாநிலமானாலும் முதலில் தேட வேண்டியது அந்தக் கெடு நாட்களைத்தான்.

முதல் பறிப்பு அக்டோபர் 20-ல், விசாரணைக்குப் பத்து நாள் முன்னால். நவம்பர் வரை வாரம் இரண்டு முறை பொரியல், தெலுங்குக்காரருக்கு ஒரு பை. அப்புறம் ஒரு ராத்திரி உறைபனி வந்தது, காலையில் கொடி கீரை வேகவைத்த மாதிரி கருத்துத் தொங்கியது. கெடுவுக்கு முன்னாலேயே பந்தலைப் பிரித்து கேரேஜில் அடுக்கினேன்.

ஜனவரியில் ஏஆர்சி ஃபாரம் போட்டேன், வரைபடம், பைப் அளவு, சாயம் எல்லாம் எழுதி. 8 அடி மறுப்பு, வேலி உயரமான 6 அடிக்கு மிகாமல் அனுமதி என்று பதில் வந்தது. மறுத்தால் காரணமும், என்ன மாற்றினால் ஏற்பார்கள் என்பதும் எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம்தான், சொல்லியிருந்தார்கள். இதற்கும் 30 நாளுக்குள் விசாரணை கேட்கலாம். கேட்கவில்லை. அம்மாவிடம் வீடியோ காலில் சொன்னேன்.

"ஆறடிப் பந்தலா? பூந்து பறிக்க வேண்டாமாடா? கோழிக்கூண்டா கட்டற?" என்றார். மே மாதம் மறுபடி வருகிறார்.